சட்டக் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதமும் நாம் கேட்கத் தயங்கும் கேள்விகளும்

முன்பெல்லாம் அஸர் தொழுகைக்குப் பிறகு நம்மைத் தேடி வருபவர்கள் நிக்காஹ் தேதி குறிக்கவோ, பிள்ளைக்குப் பெயர் கேட்கவோதான் வருவார்கள். ப்ளஸ் டூ முடிவுகள் வெளியாகும் காலத்தில் இப்போது காகித உறைகளுடன் வருகிறார்கள். இங்கே திருவண்ணாமலையில் சென்ற ஆண்டு அப்படி வந்தவர்களில் ஒரு தந்தை, பஜாரில் சிறிய பாத்திரக் கடை வைத்திருப்பவர். மகள் வழக்கறிஞராக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இரண்டு தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்து ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு இடமும், உதவித்தொகைக் கடிதமும் வந்திருந்தன. ஒன்றில் 50 சதவீதம், மற்றொன்றில் 25 சதவீதம். "ஐம்பது தருகிறவன்தானே ஹஜ்ரத் நல்லவன்? ஏழு நாளைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டிவிடவா?" என்றார்.

கடிதங்களை வாங்கிப் படித்தோம். முதல் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். அதில் பாதி தள்ளுபடி. ஆனால் கீழே சிறிய எழுத்தில், இரண்டாம் ஆண்டு முதல் சி.ஜி.பி.ஏ. 8.5-க்குக் குறையாமலும் அரியர் இல்லாமலும் இருந்தால் மட்டுமே சலுகை தொடரும் என்று இருந்தது. இரண்டாவதன் கட்டணம் 1,80,000 ரூபாய். தள்ளுபடி கால் பங்குதான், ஐந்து ஆண்டுகளுக்கும் உண்டு, மதிப்பெண் நிபந்தனை இல்லை. கணக்குப் போட்டுக் காட்டினோம். முதல் இடத்தில் பெண் ஒவ்வொரு ஆண்டும் 8.5-ஐத் தக்கவைத்தால் ஐந்தாண்டுக்கு 6 லட்சம். முதல் ஆண்டிலேயே தவறி, சலுகை திரும்ப வராமல் போனால் 10,80,000. இரண்டாவது இடத்தில் எப்படிப் படித்தாலும் 6,75,000. கடையில் ஒரு குக்கருக்கு இருபது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசும் வாடிக்கையாளர்களைத் தினமும் பார்க்கிற மனிதர் அவர். நாலு லட்சம் வித்தியாசத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட இருந்தார்.

அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. 'ஸ்காலர்ஷிப்' என்றால் யாரோ நமக்கு இரக்கப்பட்டுத் தருவது, அதைப் பற்றிக் கேள்வி கேட்பது நன்றிகெட்டதனம் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. அரசின் உதவித்தொகையோ, ஜமாஅத்தின் உதவியோ என்றால் அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. தனியார் பல்கலைக்கழகம் தரும் சலுகை அந்த வகையல்ல. காலி இடங்களை நல்ல மாணவர்களைக் கொண்டு நிரப்ப அது சொல்லும் விலை அது. விலை என்றால் பேசலாம்.

அமெரிக்காவில் இது வெளிப்படையாகவே நடக்கிறது. அங்கே எல்சாட் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர், ஒரு சட்டக் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தை மற்றொன்றுக்கு அனுப்பி, 'உங்களிடம்தான் சேர விரும்புகிறேன், இதைப் பரிசீலிக்க முடியுமா?' என்று கேட்பது சாதாரண வழக்கம். நிபந்தனையுடன் கூடிய உதவித்தொகையால் அங்கும் பலர் ஏமாந்திருக்கிறார்கள். வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த தரம் என்று கல்லூரியே வரையறுத்துவிட்டு, எல்லோரிடமும் உயர்ந்த மதிப்பெண்ணைக் கேட்டால் சிலர் தோற்றே ஆக வேண்டும் அல்லவா? அதனால்தான் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 509-வது விதி, நிபந்தனை உதவித்தொகை பெற்றவர்களில் எத்தனை பேர் அதை இழந்தார்கள் அல்லது குறைத்துப் பெற்றார்கள் என்பதை ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் வெளியிட வேண்டும் என்கிறது. இங்கே அந்தக் கேள்வியைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும்: போன ஆண்டு இந்தச் சலுகையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டிலும் கிடைத்தது?

பேரம் பேசுவது மார்க்கத்தில் கூச்சப்பட வேண்டிய விஷயமும் அல்ல. ஒட்டக விஷயத்தில் ஜாபிர் (ரலி) அவர்களுக்கும் நபி (ஸல்) அவர்களுக்கும் நடந்த பேச்சு ஹதீஸ் நூல்களில் பிரபலமானது. பயணத்தில் அந்த ஒட்டகத்தை விலைக்குக் கேட்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். முதலில் மறுத்த ஜாபிர் (ரலி), பிறகு மதீனா சேரும் வரை அதில் நான் பயணிப்பேன் என்ற நிபந்தனையோடு விற்றார். மதீனாவில் விலையும் கொடுக்கப்பட்டது, ஒட்டகமும் அவருக்கே திருப்பித் தரப்பட்டது. வியாபாரத்தில் நிபந்தனை விதிக்கலாமா என்ற மஸ்அலாவை ஃபுகஹாக்கள் விவாதிக்கும்போது இந்தச் சம்பவம் வராமல் இருக்காது. மதரஸாவில் இதைப் படித்தபோது ஒட்டகத்தோடு முடிந்துவிடும் பாடம் என்றே நினைத்திருந்தோம். பிறகு தபால் வழியில் பி.ஏ. படித்துவிட்டு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கத் தொடங்கியபோதுதான் கிதாபுல் புயூஃ எவ்வளவு அன்றாடமானது என்று புரிந்தது.

அதே பாடத்தில் எல்லைகளும் உண்டு. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் நஜ்ஷ் தடுக்கப்பட்டது. வராத கடிதத்தை வந்ததாகச் சொல்லி இன்னொரு கல்லூரியிடம் சலுகை கேட்பது அதற்கு ரொம்பத் தூரமில்லை. அது பொய்தான். நகலைக் காட்டச் சொன்னால் மானமும் போகும். ஒருவரிடம் பேசி முடித்த பின் அந்த முடிவையே காட்டி இன்னொருவரிடம் விலை கேட்பதும் சரியல்ல. பேச வேண்டியதெல்லாம் சம்மதம் சொல்வதற்கு முன்புதான்.

ஆனால் அந்த 'முன்பு' என்ற காலத்தைத்தான் ஏழு நாள் கெடு என்று சுருக்கிவிடுகிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டால் திரும்ப வராது, சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, 2018-லிருந்தே அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கான அதன் கொள்கைப்படி, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31-க்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்பித் தர வேண்டும். சேரும் ஆண்டின் தேதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்வது அவசியம். இந்த அவகாசம் இரு தரப்பும் அறிந்த விதி என்பதால், கியாருஷ் ஷர்த் போல இதைப் பயன்படுத்துவதில் வாக்குத் தவறுதல் இல்லை என்பது நமது கருத்து. கெடுவை அலட்சியப்படுத்தலாம் என்று இதற்குப் பொருளல்ல. முசாபர்நகர் மாவட்டத்தின் ஏழைத் தலித் மாணவர் ஒருவர் 17,500 ரூபாயை நேரத்துக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்தார். 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம்தான் அதை மீட்டுக் கொடுத்தது. எல்லோராலும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாது.

பேரத்தில் நமக்கு உண்மையான பலம் கையில் இருக்கும் மாற்று வழிதான். தமிழ்நாட்டில் அந்த மாற்று வழி மலிவானது, தரமானதும்கூட. நம் ஊருக்குப் பக்கத்தில் விழுப்புரம், வேலூர், தருமபுரி ஆகிய இடங்களில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை, ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் கவுன்சிலிங். 2007-லிருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழில் பிரிவு சரியாக இல்லாமல் அதை இழக்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் தந்த 7.5 சதவீத இடம் சட்டப் படிப்புக்கும் உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் வராது என்பது, அப்படிப்பட்ட பள்ளிகளை நிறைய நடத்தும் நம் சமுதாயத்துக்கு ஓர் இழப்புதான்.

ஆலிம் படிப்பு முடித்த தம்பிகளுக்கு ஒரு செய்தி. பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கும் எண்ணமிருந்தால், பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் ஏற்பதில்லை. முதலில் ப்ளஸ் டூவை எழுதிவிடுங்கள்.

இவ்வளவையும் நாம் வற்புறுத்திச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. உதவித்தொகை போக மீதியிருக்கும் தொகையைப் பிற குடும்பங்கள் கல்விக் கடனால் நிரப்பிக்கொள்கின்றன. வட்டி என்பதால் நம் குடும்பங்களில் பலர் அந்த வாசலுக்கே போவதில்லை. அப்போது உம்மாவின் நகை போகிறது, அல்லது பெண்ணின் படிப்பு நிற்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது, மகனுக்காக விற்ற நகையை மகளுக்காக விற்கத் தயங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் திட்டங்களும் சுருங்கிவிட்டன. மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டுப் படிப்புக் கடனின் வட்டியை ஏற்ற 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-23-லிருந்து நிறுத்தப்பட்டன. எனவே கல்லூரியிடம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு பத்தாயிரமும் நமக்கு மற்றவர்களைவிடப் பெரிய தொகை. ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு மஹல்லாவின் பைத்துல்மாலிலிருந்து கட்டணம் கட்டலாம். தகுதி எல்லையைச் சற்றே தாண்டியவர்களுக்கு கர்ள் ஹசன். கல்யாண மண்டபத்துக்கு வசூலிக்கும் வேகத்தில் பாதி இதற்கு இருந்தால் போதும்.

படித்து முடித்ததும் கொட்டும் வருமானம் இந்தத் தொழிலில் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயுமாவது தரப்பட வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டும். பத்து லட்சம் செலவழித்துவிட்டு மாவட்ட நீதிமன்றத்தில் 15,000-க்குத் தொடங்குவதா என்று கேட்டால், கேட்பதில் தப்பில்லை. ஆனால் 2025-ஆம் ஆண்டு வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தபோது வழக்கு நடத்த ஆள் தேடி அலைந்த நாம், சட்டம் படிக்கும் பிள்ளையை அந்தக் காரணத்துக்காக நிறுத்தவும் முடியாது.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் நமக்கு எட்டாதவை என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். திருச்சியிலேயே ஒன்று இருக்கிறது, கிளாட் தேர்வு எழுதியாக வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 2010-இல் தொடங்கிய 'இடியா' அமைப்பு, வசதியற்ற, கிராமப்புறப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து கிளாட் பயிற்சி தந்து, இடம் கிடைத்த பின் படிப்புச் செலவுக்கும் துணை நிற்கிறது. 2019-இல் அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார், பணி தொடர்கிறது. ப்ளஸ் டூ முடிந்த பிறகு இதைத் தேடினால் தாமதம், பதினொன்றாம் வகுப்பிலேயே விசாரிக்க வேண்டும். அரசுக் கல்லூரியைக் குறைவாக நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் போதும்: 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான, பின்னர் நம் மாநில ஆளுநராகவும் இருந்த ஃபாத்திமா பீவி படித்தது திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரியில்தான்.

பாத்திரக் கடைக்காரரின் மகளே கடிதம் எழுதினாள். நாம் சொன்னது, கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம் என்பது மட்டும்தான். ஐம்பது சதவீதம் தந்த இடத்துக்கு மூன்று கேள்விகள்: நிபந்தனையை 8.5-லிருந்து 7-ஆகக் குறைக்க முடியுமா, ஓர் ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு மீட்க வழியுண்டா, ஐந்தாண்டில் கட்டணம் உயருமா. மற்றொரு கல்லூரியின் கடித நகலை இணைத்து, குடும்ப வருமானச் சான்றிதழையும் வைத்தாள். தொலைபேசியில் பேசியவர் எல்லாவற்றுக்கும் 'ஆகட்டும்' என்றாராம். மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். கடனை எழுதி வைப்பது பற்றிப் பேசும் அல்பகராவின் 282-வது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது என்று வாப்பாவுக்கு அவள் நினைவூட்டினாளாம்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. நிபந்தனை 7.5, இழந்த சலுகையை மறு ஆண்டு மீட்கலாம், கட்டண உயர்வு பற்றி மட்டும் உறுதி தர இயலாது. அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு அவர் பணம் கட்டவில்லை. கவுன்சிலிங் பட்டியல் வரும் வரை காத்திருந்தார்கள். இப்போது அவள் வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மிச்சமான பணத்தில் முதலில் வாங்கியது ஒரு பழைய லேப்டாப்.