வெஸ்லேக்கு இரண்டு மணி நேரம் போதாது

பிரான்ஸுக்குப் போகிறவர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது: ஈபிள் கோபுரம், லூவர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை. பாரிஸைத் தாண்டி நாட்டுப்புறத்துக்குப் போகிறவர்களும் சிற்றூர்களை வழியில் வண்டி நிறுத்திப் படம் எடுக்கும் இடங்களாகவே கருதுகிறார்கள். தலைநகருக்குத் தென்கிழக்கே சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில், பர்கண்டிப் பகுதியில் இருக்கும் வெஸ்லேக்கும் இதே கதிதான்.

ஒரு குன்று. அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் ஒரு கடைத்தெரு. உச்சியில் மகதலா மரியாள் பேராலயம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை. ஆனால் 1979-இல் பிரான்ஸிலிருந்து முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஐந்து இடங்களில், வெர்சாயோடும் சார்த்ர் பேராலயத்தோடும் வெஸ்லேயும் இருந்தது.

சுற்றுலாக் கூட்டம் பேருந்திலிருந்து இறங்கி, ஏறிப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறது. இத்தகைய ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்களும் ‘காலம் உறைந்து நிற்கும் இடம்’ என்று சொல்லி அதற்குத் துணைபோகிறார்கள். வெஸ்லேயின் வரலாறு தெரிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இது ஓயாமல் சண்டை போட்ட ஊர்.

மகதலா மரியாளின் எலும்புகள் தங்களிடம் இருப்பதாக 11-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பெனடிக்ட் சபை மடம் அறிவித்தது. யாத்திரிகர்கள் திரண்டார்கள், பணமும் வந்தது. ஸ்பெயினின் சந்தியாகோ நோக்கிய பெரும் யாத்திரைப் பாதைகளில் ஒன்று இங்கிருந்துதான் புறப்பட்டது. பெரிய கோயில் கட்ட மடம் விதித்த வரிகள் ஊராரின் கழுத்தை நெரித்தன. 1106-இல் மடாதிபதி அர்த்தோவை ஊர்மக்களே கொன்றார்கள். 1152-இல் மடத்தின் அதிகாரத்தை உதறித் தன்னாட்சி அறிவித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அரசர் ஏழாம் லூயி அதை ஒடுக்கினார். இன்று அண்ணாந்து பார்த்து வியக்கும் வளைவுகளுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு விடை இந்தக் கலகங்களில் இருக்கிறது.

குன்றிலிருந்து கிளம்பிய குரல்களும் சாந்தமானவை அல்ல. 1146 ஈஸ்டர் நாளில் துறவி பெர்னார்டு இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தது இங்கேதான். கூட்டம் கோயிலுக்குள் கொள்ளாததால் வெளியே, மலைச்சரிவில் பேசினார். 1190-இல் மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட இங்கிலாந்தின் ரிச்சர்டும் பிரான்ஸின் இரண்டாம் பிலிப்பும் இங்கு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

பின்பு அடி விழுந்தது. உண்மையான எலும்புகள் தங்களிடமே இருப்பதாக 1279-இல் தெற்கே புரோவான்ஸிலுள்ள சேன் மாக்சிமேன் என்ற ஊர் அறிவித்தது. போப்பாண்டவரும் அதன் பக்கம் நின்றார். யாத்திரிகர்கள் திசை மாறினார்கள். பின்னாளில் மதப் போர்க்காலச் சூறையும் பிரெஞ்சுப் புரட்சியும் மிச்சத்தைக் குலைத்தன.

1834-இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக வந்து பார்த்தவர், பின்னாளில் ‘கார்மென்’ கதையை எழுதிய புரோஸ்பேர் மெரிமே. கட்டடம் சரியும் நிலையில் இருந்தது. 1840-இல் சீரமைப்புப் பொறுப்பு வியோலே-லெ-டுக் என்ற இளைஞரிடம் தரப்பட்டது. அவருக்கு அப்போது வயது 26. பழுதான தூண்தலைச் சிற்பங்கள் சிலவற்றை இறக்கிவிட்டுப் புதிய பிரதிகளை வைத்தார். கோதிக் பாணியில் இருந்த சில கூரை வளைவுகளைப் பிரித்து, அதற்கு முந்தைய ரோமனெஸ்க் பாணியில் மாற்றிக் கட்டினார். முகப்பு வாசலின் மேற்சிற்பமும் 19-ஆம் நூற்றாண்டு வேலைதான். பழைமையைக் காப்பாற்றினாரா, தன் மனத்திலிருந்த பழைமையைக் கட்டினாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அவர் கைவைக்காமல் இருந்திருந்தால் வாதிடுவதற்குக் கட்டடமே மிஞ்சியிருக்காது. ஆனால் பார்க்கிறவருக்கு எது 12-ஆம் நூற்றாண்டு, எது 19-ஆம் நூற்றாண்டு என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். இறக்கி வைக்கப்பட்ட அசல் சிற்பங்களுக்கென்று கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அவசரக்காரர்கள் அதை எட்டிப் பார்ப்பதில்லை.

முன்மண்டபத்தைக் கடந்து உள்வாசலுக்கு வந்தால் அசல் வேலை. கிறிஸ்துவின் விரல்களிலிருந்து கதிர்கள் சீடர்களை நோக்கிப் பாய்கின்றன. அவர்கள் செய்தி சொல்லப் போக வேண்டிய உலகத்து மக்கள் சுற்றிலும் வரிசை கட்டுகிறார்கள். ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்கள், நாய்த்தலை மனிதர்கள், உடம்பையே மூடும் காது உள்ளவர்கள். பின்னிரு வகையினரையும் பழைய கிரேக்க எழுத்தாளர்கள் குடியேற்றிய நாடு இந்தியா. சந்திரகுப்தரின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸும் அப்படி எழுதியவர். இந்தியாவிலிருந்து போகிறவர் அந்தக் காதுகளுக்கு முன் சற்று நின்று சிரிக்கலாம்.

குன்றின் மேல் ஏறும் அந்தக் கடைத்தெருவில் இந்தியாவை வேறு விதமாக அறிந்த ஒருவர் வாழ்ந்தார். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளை எழுதி ஐரோப்பியர் கையில் கொடுத்த ரோமெய்ன் ரோலந்து, 1938-இல் வெஸ்லேயில் குடியேறி, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம் முழுவதையும் இங்கே கழித்து, 1944 டிசம்பரில் காலமானார். அந்த வீடு இப்போது செர்வோஸ் அருங்காட்சியகம். பிக்காசோ, மிரோ, கால்டர் படைப்புகள் அங்கே இருக்கின்றன.

நேரமில்லை என்பது வழக்கமான பதில். ஒரு வாரத்தில் ஐந்து நகரம் காட்டும் பயணத் திட்டத்தில் அது உண்மையும்கூட. ஆனால் குறைக்க வேண்டியது நகரங்களின் எண்ணிக்கையை. கூட்டம் வந்து போவதால் ஊருக்குக் கிடைப்பது வண்டி நிறுத்தும் கட்டணமும் காப்பிக் காசும்தான். இரவு தங்குகிறவர் விடுதிக்கும் உணவகத்துக்கும் காலையில் ரொட்டிக் கடைக்கும் காசு தருகிறார். கல்லைக் காக்க அரசுப் பணம் வரும். கடையைத் திறந்து வைக்க வாடிக்கையாளர் வேண்டும். சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூச்சியால் அழிந்த அவற்றை 1970-களில் மீண்டும் நட்டு வளர்த்தார்கள். 2017-இல் வெஸ்லே வெள்ளை ஒயினுக்குத் தனிப் புவிசார் பெயரும் கிடைத்தது.

ஜூன் மாதக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிப் போனால், நண்பகலில் தென்புறச் சன்னல்களின் வெயில் மையப் பாதையின் நடுவே வட்டம் வட்டமாக வரிசையில் விழுவதைக் காணலாம். பாரிஸின் பெர்சி நிலையத்தில் ரயிலேறி செர்மிசெல்-வெஸ்லேயில் இறங்க வேண்டும். மீதி சுமார் 10 கிலோமீட்டர். பேருந்தை நம்ப முடியாது. டாக்சியை முதல் நாளே சொல்லி வைத்துவிட்டு, அறையையும் ஓர் இரவுக்காவது எடுத்துக்கொள்வது நல்லது.