வரைபடம் முடிவல்ல, தொடக்கம்

மாணவர்களே, வரைபடம் கம்போங் ராஜாவில் தேயிலைத் தோட்டம் எங்கே என்று காட்டும். அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று காட்டாது. மூளை வரைபடமும் அப்படித்தான்.

புல்வெளி வோல் எலிகள் ஜோடியாக வாழும். மலை வோல் எலிகள் அப்படி வாழ்வதில்லை. மூளையில் செய்தி கொண்டுபோகும் ஆக்சிடோசின் என்ற நியூரோபெப்டைடுக்கான ஏற்பிகள் இவ்விரண்டிலும் வெவ்வேறு இடங்களில் மிகுந்திருப்பதை 1992இல் இன்செல், ஷாபிரோ காட்டினர். மருந்தால் ஏற்பியைத் தடுத்த சோதனைகளும் சேர, ஜோடி சேர இந்த ஏற்பி கட்டாயம் வேண்டும் என்ற கருத்து வலுத்தது.

2023இல் தேவானந்த் மனோலி, நிராவ் ஷா குழுவினர் அந்த ஏற்பிக்கான மரபணுவையே செயலிழக்கச் செய்தனர். அப்போதும் எலிகள் ஜோடி சேர்ந்தன!

‘எங்கே’ என்பதற்கான பதில் ‘எதற்கு’ என்பதற்கும் பதிலாகிவிடாது. படத்தை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். அந்தக் கேள்வியையும் கேளுங்கள்.