சட்டத் தேர்வில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம்

சட்டக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள், மற்றப் பாடங்களில் நன்கு எழுதிவிட்டு, குடும்பச் சட்டத் தாளில் முஸ்லிம் சட்ட வினாவுக்கு மதிப்பெண் இழந்து வருவதைக் காண்கிறோம். இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் காரணம் தெளிவானது: வீட்டிலும் மதரஸாவிலும் கேட்டறிந்ததை அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

‘கணவர் ஒரே அமர்வில் மூன்று தலாக் கூறினார்; மணமுறிவு செல்லுமா?’ என்பது வினா. ஒருவர், பாவமாயினும் நிகழ்ந்துவிடும் என்று எழுதுகிறார். மற்றொருவர், ஒரு தலாக்காகவே கொள்ளப்படும் என்கிறார். இருவரும் மார்க்க அறிஞர்களின் கருத்துகளைத்தான் எழுதியுள்ளனர். வினா கேட்பதோ நீதிமன்றத்தின் விடையை. ஷாயரா பானு வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்னும் பெரும்பான்மையில் அம்முறையை ஒதுக்கியது; 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செல்லாது என்றதுடன் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கிற்று. அம்மூவருள் நீதிபதி குரியன் ஜோசப் அது குர்ஆனுக்கு முரண் என்பதை அடிப்படையாகக் கொண்டார். நாரிமனும் லலித்தும் அரசியலமைப்பின் 14ஆவது உறுப்பைக் காரணம் காட்டினர். இவ்வேறுபாட்டை எழுதும் விடைத்தாள் திருத்துபவரின் கண்ணில் தனித்துத் தெரியும்.

இவ்வாறு எழுதுவது ஈமானுக்கு இழுக்கு எனச் சில பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது என்பது நம் கருத்து. இத்தாவுக்குப் பின் வாழ்வாதாரமின்றி நிற்கும் ஒரு சகோதரிக்கு வாதாட வேண்டியவர், ஷா பானு தீர்ப்பையும் (1985), அதைத் தொடர்ந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும், பிற்கால வாழ்வுக்கான நியாயமான ஏற்பாட்டை இத்தாக் காலத்துக்குள்ளேயே கணவர் செய்துவிட வேண்டும் என்ற டேனியல் லத்தீஃபி தீர்ப்பையும் (2001) அறியாதிருந்தால் அவளுக்கு என்ன பயன்?

வாரிசுரிமையில் நிலைமை நேர்மாறு. ஃபராயிழ் ஓதிய பிள்ளைக்கு அது கைவந்த கலை. கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசுகள் எனில், பங்குகள் 1/2, 2/3, கூட்டினால் 7/6. ஆகவே ‘அவ்ல்’ முறைப்படி 3/7, 4/7 ஆகக் குறையும். விடையை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு படியையும் காட்ட வேண்டும்; கணக்கில் பிழை நேர்ந்தாலும் முறைக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையே பேசுகின்றன என்பதைக் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபி ஊர்ப் பிள்ளைகள் நினைவிற்கொள்க. கன்னிப்பெண்ணின் திருமணத்தில் வலீயின் நிலை குறித்த வினாவில் இது விடையையே மாற்றிவிடும்.

மற்ற வினாக்களுக்கும் வழி ஒன்றே: பிரச்சினை எது, பொருந்தும் சட்டம் எது, வழக்கு எது, தரப்பட்ட நிகழ்வுக்கு அது எவ்வாறு பொருந்துகிறது, முடிவு என்ன. பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, மூன்று மணி நேரம் கையால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் மட்டுமேனும் கல்யாண வீட்டு விருந்துக்குப் பிள்ளையை அழைக்காதீர்கள். பிரியாணி அடுத்த வாரமும் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.