டி டிரைவ் இன்னொரு டிஸ்க் இல்லை!

போன கிழமை ஒரு உம்மா ஸ்கூலுக்கு வந்து அழுதார். மகனின் லெப்டொப் செத்துவிட்டது. மௌத்தான கணவரின் கடைசி போட்டோக்கள் அதில்தான். “பெக்கப் எடுத்துத்தான் வச்சிருந்தான் சேர், டியில போட்டிருந்தான்” என்றார்.

சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்க். ஒரு வீட்டை நடுவில் மறித்து இரண்டு அறையாக்கியது போல. வீடு எரிந்தால் எந்த அறை மிஞ்சும்?

மகன் ஓ.எல். ஐ.சி.டி.யில் ஏ எடுத்தவன். என் கோபம் அவன் மேல் இல்லை. ஆசிரியர்களாகிய எங்கள் மேல்தான். “தேக்ககச் சாதனங்கள் ஐந்து தருக” என்றால் பிள்ளைகள் மளமளவென்று எழுதுகிறார்கள். காந்தத்தட்டு, ஒளித்தட்டு எல்லாம் வரும். முன்னாலிருக்கும் மெசினுக்குள் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். கேட்கும் சேர்மாரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்றும் கேட்கலாம்.

இதற்கு ஒரு வரி போதும். விண்டோசில் பவர்ஷெல்லைத் திறந்து கெட், சிறுகோடு, பிசிக்கல்டிஸ்க் என்று இடைவெளியில்லாமல் டைப் பண்ணி என்டர் தட்டுங்கள். உண்மையாக இருக்கும் டிஸ்க்குகள் வரிசையாக வரும். மொடல், சீரியல் நம்பர், எஸ்.எஸ்.டி.யா எச்.டி.டி.யா, எவ்வளவு பெரியது என்று எல்லாம் தெரியும். ஒரே வரிதான் வந்தால் உங்கள் டியும் அதே டிஸ்க்தான். லினக்சில் இன்னும் சுகம்: எல், எஸ், பி, எல், கே என்று ஐந்தே எழுத்து. டிஸ்க்கும் அதன் பிரிவுகளும் கிளைவிட்ட மரம் போலத் தெரியும்.

500 ஜி.பி. வாங்கியவருக்கு 465 என்று காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பனி 1000ஆல் கணக்குப் பார்க்கிறது, விண்டோஸ் 1024ஆல் பார்க்கிறது. அவ்வளவுதான். ஆனால் எஸ்.எஸ்.டி.க்குக் காசு கொடுத்திருக்க, திரை எச்.டி.டி. என்று சொன்னால் அப்போது தாராளமாகப் போங்கள்.

“கறுப்புத் திரையில் பிள்ளைகள் கை வைத்தால் மெசின் பழுதாகிவிடும்” என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு பதில். பட்டியல் பார்ப்பது எதையும் அழிக்காது. டிஸ்க்பார்ட் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் பட்டியல் பார்க்கலாம், ஆனால் அதற்குள் கிளீன் என்று அடித்தால் தெரிவு செய்த டிஸ்க்கின் பிரிவுகள் அத்தனையும் போய்விடும். அந்தப் பயம் நியாயம். அதனால்தான் மேலே அதைச் சொல்லவில்லை. பயம் என்றால் எது ஆபத்து, எது இல்லை என்று காட்டிக்கொடுக்க வேண்டும். லெப்பைப் பூட்டிவைத்து, நோட்ஸ் எழுதவைத்துப் பிள்ளைகளை அனுப்புவதல்ல.

அந்த உம்மாவின் டிஸ்க்கை ஒருவரிடம் காட்டியிருக்கிறோம். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

வியாழன் பின்னேரம் ஸ்கூல் லெப் திறந்திருக்கும். லெப்டொப்பையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுவாருங்கள். முதலில் பட்டியல் பார்ப்போம், பிறகு போட்டோக்களைக் கொப்பி பண்ணுவோம்.