வரைபடத்தில் விடுபட்ட கோடு

கரிசலில் பருத்தி, டெல்டாவில் நெல், பஞ்சாபில் கோதுமை. இந்தியப் பொருளாதாரப் புவியியல் என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் பண்ணியது இதைத்தான். அந்தப் படத்தில் மண்ணுக்கு நிறம் உண்டு, மழைக்கு அளவு உண்டு. மண் யார் பேரில் இருக்கிறது, அதில் குனிந்து நிற்பது யார் என்பதற்கு மட்டும் நிறம் இல்லை.

இந்நாட்டுக் கிராமத்தை இரண்டாக வெட்டும் கோடு ஒன்று உண்டு. இங்கே ஊர் - சேரி. மராட்டியத்தில் மகார்வாடா, ஆந்திரத்தில் மாலப்பள்ளி, மாதிகப்பள்ளி, கர்நாடகத்தில் ஹொலகேரி. பேர்தான் வேறு, கோடு ஒன்றுதான்.

இந்தக் கோட்டுக்குக் கணக்கும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 121 கோடிப் பேரில் பட்டியல் சாதியினர் 20 கோடி, அதாவது 16.6 சதம். கிறித்தவ, இஸ்லாமிய தலித்துகள் இதில் சேர்த்தியில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இவர்கள் கையிலிருந்த சாகுபடி நிலமோ சுமார் 9 சதம். பசுமைப் புரட்சியின் செல்லப்பிள்ளையான பஞ்சாபில் நிலைமை இன்னும் மோசம். மக்களில் 32 சதம் நம்மவர்கள். நிலத்தில் நூற்றுக்கு நாலு ஏக்கர்கூட அவர்களிடம் இல்லை. விளைச்சல் பெருகியது, கோடு அசையவில்லை.

வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல். நிலமில்லாத கூலிக்காரர் எதைக் கொண்டுவந்து நீட்டுவார்? கடனும் வாய்க்கால் தண்ணி மாதிரிதான். பட்டா உள்ள வயலுக்கே பாயும். மிச்சப்பேருக்கு வட்டிக்காரன் வாசல்.

"அந்தக் காலத்திலேயே நிலம் கொடுத்தாச்சே" என்பார்கள். ஆமாம், கொடுத்தார்கள். செங்கற்பட்டு கலெக்டர் திரெமென்கீரின் அறிக்கையை அடுத்து, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. தலித் அல்லாதார்க்கு விற்க முடியாது என்று நிபந்தனையும் போடப்பட்டது. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலம் இன்று யார் வேலிக்குள் கிடக்கிறது? 1994இல் காரணையில் இதைக் கேட்ட சனத்துக்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. இரண்டு உயிர் போனது.

பஞ்சாபிலும் இதே கதைதான். பஞ்சாயத்துப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கே குத்தகைக்கு விடவேண்டும் என்பது அங்கே சட்டம். பினாமி வைத்து ஏலம் எடுத்துப் பண்ணையார்களே உழுதார்கள். 2014இல் உருவான 'ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி' சங்ரூர் மாவட்டக் கிராமங்களில் தடியடியும் சிறையும் பட்டு, அந்தப் பங்கை மீட்டுக் கூட்டாகப் பயிர் செய்தது. மாட்டுக்குப் புல்லறுக்க அடுத்தவன் வரப்பில் போய்க் கெஞ்சி நின்ற பெண்கள், தங்கள் தீவனத்தைத் தாங்களே விளைவித்தார்கள். மானம் என்பது எத்தனை ஏக்கரில் விளைகிறது என்பதை அவர்களிடம் கேட்கணும்.

நகரத்துக்குப் போனால் கோடு அழியுமா? கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து வீசப்பட்டவர்களைக் கேளுங்கள். கோடும் கூடவே லாரி ஏறி வந்தது.

2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. எண்ணட்டும். ஆனால் அது தலையை எண்ணும், ஏக்கரை எண்ணாது. அந்த வேலை நம்முடையது.

மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சேரி எங்கே, சுடுகாட்டுப் பாதை எங்கே, தண்ணி எங்கே நிற்கிறது, பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று யார் உழுகிறார் என்று குறியுங்கள். 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நமக்கான புவியியலை இனி நாம்தான் எழுதணும். வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைக் கேட்போம்.