சீல் பிரிக்காத பால் டின் எங்கே போக வேண்டும்

கைக்குழந்தை உள்ள வீடுகளில் சீல் பிரிக்காத பால்பவுடர் டின் ஒன்றிரண்டு மிஞ்சுவது திருவள்ளூர் மாவட்டத்தின் வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் மட்டுமல்ல, எங்கும் நடப்பதே. முதல் சில நாள் பால் போதவில்லை என்று பயந்து வாங்கியிருப்பார்கள். பிறகு தாய்க்கு நன்றாகப் பால் சுரந்திருக்கும். அல்லது மருத்துவர் வேறு பவுடருக்கு மாற்றியிருப்பார். முதல் ஆறு மாதத்துக்கான டின்னைத் தொடுமுன்பே குழந்தைக்கு ஏழாம் மாதம் பிறந்திருக்கும். 400 கிராம் டின்னே சில நூறு ரூபாய் விலை. அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் ஒப்பந்த வேலை பார்ப்பவர் வீட்டில் அது சிறிய தொகை அல்ல. குப்பையில் போட மனம் வராது. தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளி வீட்டில் பச்சிளம் குழந்தை இருந்தால் அங்கே கொடுத்துவிடத்தான் தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த டின் போகக்கூடாத இடமும் அதுவே.

இதைச் சொல்வது சட்டம். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருட்களையும் பாலூட்டும் புட்டிகளையும் ஒழுங்குபடுத்த 1992இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1993 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தப்பட்டு, இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய மாற்றுப்பாலும் அதன் வரம்புக்குள் வந்தது. அதன் 5ஆம் பிரிவின்படி இப்பொருட்களை ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குத் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுக்கவோ விநியோகிக்கவோ கூடாது. இது தவிர ஒரே விலக்கு 8ஆம் பிரிவில் உள்ளது: பாலூட்ட இயலாத, விலை கொடுத்து வாங்கவும் வசதியில்லாத தாய்க்கு மருத்துவ நிறுவனம் வழங்கலாம். மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிறுவனங்கள் இலவச டின்களைக் காட்டித் தாய்மாரை ஈர்த்ததைத் தடுக்கவே 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை விற்பனை நெறிமுறையை ஏற்றது; 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. இந்தியச் சட்டம் அந்த நெறிமுறையின் வழியில் வந்தது. ஆனால் 5ஆம் பிரிவு நிறுவனத்தை மட்டுமல்ல, எந்த நபரையும் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர்மீது வழக்குப் போட வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆயினும் அந்தத் தடையின் பின்னால் இருக்கும் காரணம் பக்கத்து வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

தாய்ப்பால் சுரப்பு, குழந்தை சப்பிக் குடிப்பதைப் பொறுத்தது. சப்பச் சப்ப ஊறும், குறைத்தால் வற்றும். இலவசமாக வந்த டின் விரைவில் தீர்ந்துவிடும். அதற்குள் தாய்க்குப் பால் குறைந்திருக்கும். அடுத்த டின்னைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காசு இல்லாத வீட்டில் பவுடரை நீர்க்கக் கரைப்பார்கள், அளவுக் கரண்டியைப் பாதியாக்குவார்கள். குழந்தை எடை குறையத் தொடங்கும். பசியாற்ற வேண்டும் என்று கொடுத்த பொருள் அந்தக் குடும்பத்தை ஒரு செலவில் மாட்டிவிட்டு நிற்கும்.

அடுத்தது தண்ணீர். பவுடர் பால் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா, அரிதாகவேனும், அதில் இருக்கலாம். பச்சிளம் குழந்தைக்கு அது மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். ஆகவே 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கரைத்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் புகட்டிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வழிகாட்டியது. நல்ல நீரும், கொதிக்கவைக்க எரிபொருளும், புட்டியைச் சுத்தமாகக் கழுவி வேகவைக்கும் வசதியும் இருந்தால்தான் அது நடக்கும். மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரோ, பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் ஏறி உவர்த்துக் கிடக்கிறது. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டாலும் அந்த நீர் சென்னை நகரத்துக்கானது. கேன் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் வீட்டில் இலவச டின் வயிற்றுப்போக்குக்கு வழி திறக்கும்.

இது ஊகம் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு புதுச்சேரியின் கடலோரக் கிராமங்களில் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளிவந்தது. இலவச மாற்றுப்பால் குடித்த குழந்தைகளிடம் மற்றவர்களைவிட மூன்று மடங்கு வயிற்றுப்போக்கு காணப்பட்டது. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகும் இதே கதை: தானமாகப் பால்பவுடர் வந்த வீடுகளின் குழந்தைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு, வராத வீடுகளில் சுமார் 12 சதவீதம். அங்கு யாரும் தீய எண்ணத்தோடு டின் அனுப்பவில்லை.

வடசென்னைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்தார்கள். எண்ணூர், எர்ணாவூர் பக்கம் மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் வீடுகளுக்குள் படிந்தது. அப்படிப்பட்ட நாளில் கைக்குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான உணவு தாய்ப்பால்தான். அதைக் காக்க, தாய்க்குச் சாப்பாடும் குடிநீரும் மறைவான ஓரிடமும் போதும். நிவாரண லாரிக்கான பட்டியலில் முதலில் எழுதப்பட வேண்டியவை இவை. குழந்தைப் பால்பவுடர் அதில் இருக்கவே கூடாது.

அப்படியானால் மிஞ்சிய டின்னுக்கு நல்ல இடம் எது? சட்டம் சொல்லும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம்தான். ஆனால் எல்லா இல்லங்களிலும் கைக்குழந்தைகள் இல்லை. பெரும்பாலானவற்றில் பள்ளி செல்லும் வயதினரே இருக்கிறார்கள். கைவிடப்பட்டும் ஒப்படைக்கப்பட்டும் வரும் பச்சிளங்குழந்தைகளை அரசு அங்கீகாரம் பெற்ற சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனங்களே வளர்க்கின்றன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழி வரும் குழந்தைகளும் அங்கேயே சேர்கிறார்கள். அவர்களுக்குத் தாய் அருகில் இல்லை; தாய்ப்பால் வங்கிப் பாலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. அங்கே குழந்தை நல மருத்துவரின் மேற்பார்வை உண்டு. எந்தக் குழந்தைக்கு எந்தப் பவுடர் என்று முடிவு செய்ய ஆள் உண்டு. ஒரு டின் அங்கே போனால் யாருடைய சுரப்பையும் குறைக்காது.

வள்ளூர்வாசி ஒருவர் இதைச் செய்ய முனைந்தால் எங்கே போவார்? அருகில் தத்தெடுப்பு நிறுவனம் உண்டா, அதற்கு இப்போது எந்தப் பவுடர் தேவை என்று அவருக்குச் சொல்ல ஒரு பலகையும் இல்லை. 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கேட்கலாம், திருவள்ளூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைத் தேடிப் போகலாம். ஒரு டின்னுக்காக யார் போவார்கள்? தடையை மட்டும் வைத்துவிட்டு வழியைத் திறக்காத இந்த நிலையை மாவட்ட நிர்வாகம் மாற்ற வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே வீடு வீடாக வருகிறவர். அவர் தகவல் கொடுத்தால் போதும், டின்னை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றித் தத்தெடுப்பு நிறுவனத்துக்கு அனுப்பும் பொறுப்பைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஏற்கலாம். டின்னைச் சுகாதார நிலையத்தில் அடுக்கி வைக்கக் கூடாது: தாய்ப்பாலூட்டச் சொல்லும் செவிலியரின் மேசையில் பால் டின் இருப்பது அவர் சொல்லுக்கே எதிராக நிற்கும். அரசு மருத்துவமனைகளுக்குத் தனியார் கொடுக்கலாமா என்பதையும் சுகாதாரத் துறை எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். 8ஆம் பிரிவு மருத்துவமனை தாய்க்கு வழங்குவதைப் பற்றித்தான் பேசுகிறது.

அனுப்பும் டின்னுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. சீல் உடையாதது, காலாவதி நாளுக்குச் சில மாதமாவது இருப்பது, துருவோ ஒடுக்கோ உப்பலோ இல்லாதது, அடுப்பங்கரைச் சூட்டிலோ வெயிலிலோ கிடக்காதது. வெள்ளத்தில் நனைந்த டின் வெளியில் எவ்வளவு பளபளத்தாலும் எறியப்பட வேண்டியதுதான். ஒவ்வாமைக்கோ வளர்சிதைக் கோளாறுக்கோ மருத்துவர் எழுதித் தந்த சிறப்புப் பவுடர் என்றால் அதைத் தனியே குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். வேறு குழந்தைக்கு அது பொருந்தாது. இல்லம் எதற்கும் தேவைப்படவில்லை என்றால், காலாவதியாகாத சாதாரணப் பவுடரை வீட்டுப் பெரியவர்களே காபிக்கோ பாயசத்துக்கோ பயன்படுத்தலாம்.