சத்தமில்லாத வில்லைத் தேடும் அமெரிக்க வேட்டைக்காரர்கள்: அம்பின் வேகம் ஏன் கைகொடுப்பதில்லை?

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் பல மாகாணங்களில் வில் கடைகள் களைகட்டிவிடும். மான் வேட்டைக்குத் துப்பாக்கியை எடுக்க அனுமதி கிடைப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே, வில்லுக்கு அனுமதி கிடைத்துவிடுவதுதான் காரணம். விஸ்கான்சினில் செப்டம்பர் நடுவில் தொடங்கும் வில் சீசன், புத்தாண்டு தாண்டியும் நீளும்.

கடைகளில் விற்பவை பெரும்பாலும் காம்பவுண்ட் வில்கள். மேத்யூஸ், ஹாய்ட் போன்ற முன்னணி பிராண்டுகளின் உயர்ரக மாடல் வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அம்பு, குறி பார்க்கும் கருவி எல்லாம் தனிக் கணக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம். ஆனால் அனுபவசாலிகள் துருவித் துருவி விசாரிப்பது சத்தத்தைப் பற்றி.

காம்பவுண்ட் வில் என்றால் என்ன?

ஜோதி சுரேகா, அதிதி சுவாமி ஆகியோர் கையில் பார்த்திருப்பீர்களே, இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில், அதுதான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் முதல்முறையாக நுழையப் போவதும் இதுவே. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969-ல் பெற்றார்.

சாதாரண வில்லை இழுக்க இழுக்க பாரம் கூடிக்கொண்டே போகும். இதில் அப்படியில்லை. 'கேம்' எனப்படும் அந்தக் கோணல் சக்கரங்கள், முழுதாக இழுத்து முடித்ததும் பாரத்தைக் குறைத்துவிடும். 70 பவுண்டு வில்லில் 80 சதவீதம் குறைந்தால், கையில் நிற்பது வெறும் 14 பவுண்டு. மான் திரும்பும்வரை இழுத்த நாணோடு பொறுமையாகக் காத்திருக்கலாம்.

போட்டி வில்லும் வேட்டை வில்லும் ஒன்றல்ல. போட்டி வில் நீளம் அதிகம், இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக்கூடாது. வேட்டை வில் குட்டையானது, மரத்தின் மேல் கட்டிய பரணில் உட்கார்ந்தும் எய்ய வேண்டுமே. நம் நாட்டில் இரண்டாவதற்கு வேலையே இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, அமெரிக்கா போல உரிமம் வாங்கிப் பொழுதுபோக்குக்காக மான் வேட்டையாடும் வழி இந்தியாவில் கிடையாது.

அம்பை முந்தும் சத்தம்

சரி, வேகமான வில் வாங்கினால் சத்தம் ஒரு பிரச்னையா? இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் பாயும். வேட்டை அம்பு சுமார் 82 மீட்டர். அதாவது சத்தம் நான்கு மடங்கு வேகம். மான் 36 மீட்டர் தூரத்தில் நின்றால், நாண் அதிரும் ஓசை 0.11 நொடியில் அதன் காதுக்குப் போய்விடும். அம்பு சேர 0.44 நொடி ஆகும். நடுவில் மூன்றில் ஒரு பங்கு நொடி.

வெள்ளைவால் மானுக்கு அது போதும். திடுக்கிட்டதும் ஓடத் தயாராகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். இதயத்தையும் நுரையீரலையும் குறி வைத்த அம்பு முதுகில் பாயும், அல்லது மேலே பறந்துவிடும். மேலே பறந்தால் பரவாயில்லை. முதுகில் பாய்ந்தால் மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, எங்கேயோ மெல்லச் சாகும். சத்தம் குறைந்த வில்லுக்கு இவ்வளவு மவுசு இருப்பது இதனால்தான்.

நொடிக்கு 104 மீட்டர் பாயும் அதிவேக வில்லை எடுத்தாலும் அதே தூரத்துக்கு 0.35 நொடி ஆகும். மிச்சமாவது 0.09 நொடி. அதற்கு விலையாக சத்தம் கூடினால் லாபம் என்ன? கண்டிப்பாக வேகத்தை விட சத்தத்துக்குத்தான் முன்னுரிமை தர வேண்டும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகம்

அந்த வேகமும் பெரும்பாலானோர் கைக்கு வராது. நிறுவனங்கள் சோதிப்பது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் எடையுள்ள இலகுவான அம்பு என்ற கணக்கில். 350 கிரெய்ன் என்றால் 23 கிராம் கூட இல்லை. கை நீளம் குறைந்தவர் 28 அங்குலம்தான் இழுப்பார். வேட்டைக்கு அம்பும் கனமாக வேண்டும். வேகம் தானாக இறங்கிவிடும்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வில்லில் சேர்ந்த சக்தியில் அம்பு எடுத்துக்கொண்டது போக மீதிதான் நாணிலும் வில்லின் கைகளிலும் அதிர்வாகி, சத்தமாக வெளியே வருகிறது. கனமான அம்பு அதிக சக்தியை வாங்கிக்கொள்ளும், வில் அடங்கிவிடும். ஆழமாகவும் பாயும். காசு செலவில்லாமல் சத்தம் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்தது சின்னச் சின்ன விஷயங்கள். நாணில் கட்டும் ரப்பர் துண்டு, நாண் திரும்பி வரும்போது தடுத்து நிறுத்தும் தடி, அதிர்வை உள்வாங்கும் ரப்பர். அம்பை வைக்கும் இடத்தில் ஒட்டிய கம்பளித் துணி கூட உதவும், ஏனென்றால் இழுக்கும்போது அம்பு உரசும் 'கிறீச்' ஒன்றே மானைக் கிளப்பிவிடும். பல நேரம் குற்றவாளி ஒரு தளர்ந்த ஸ்க்ரூவாகத்தான் இருக்கும்.

நம்பகமான வில் எது?

பிராண்டு பெயரைவிட முக்கியம், பக்கத்தில் அதை சரிபார்க்கத் தெரிந்த கடை இருக்கிறதா என்பது. காம்பவுண்ட் வில்லில் நாணை வீட்டிலேயே சுலபமாக மாற்ற முடியாது. கைகளை அழுத்திப் பிடிக்க 'பிரஸ்' இயந்திரம் வேண்டும். நாணும் கேபிளும் நாளாக நாளாக நீண்டுகொடுக்கும். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் சுழலாமல் போனால் குறியும் போகும், சத்தமும் வரும். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டால் போச்சு. அம்புக்குப் போக வேண்டிய மொத்த சக்தியும் வில்லிலேயே இறங்கி, கைகளே உடையலாம். பழைய வில் வாங்குவோர் கைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

தடை கேட்பவர்கள் சொல்வது என்ன?

அம்பு தோட்டா போல அதிர்ச்சியில் சாய்க்காது, ரத்தம் இழக்க வைத்துத்தான் கொல்லும். சரியான இடத்தில் பட்டால் விலங்கு நொடிகளில் விழும், தப்பினால் துடிக்கும். இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் தெற்கு ஆஸ்திரேலியா 2024 டிசம்பர் 1 முதல் வில் வேட்டைக்குத் தடை போட்டது. டாஸ்மேனியாவிலும் அனுமதி இல்லை. பிரிட்டனில் 1981-ம் ஆண்டுச் சட்டமே வனவிலங்குகளை வில்லால் கொல்வதைத் தடுக்கிறது.

அமெரிக்கா எதிர்த் திசையில் நிற்கிறது. 30 பவுண்டும் அதற்கு மேலும் இழுவிசை உள்ள வில்களுக்கு அங்கே 11 சதவீத வரி உண்டு. 1937-ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டத்தின் வழியே அந்தப் பணம் மாகாணங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வேட்டைக்காரர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் வாதமும் இதுவே. வலுவான வாதம்தான், ஆனால் காயத்தோடு ஓடிய மானுக்கு அது பதில் இல்லை.

மாகாணங்கள் இதற்காக வைத்திருக்கும் கட்டுப்பாடுகளில் ஒன்று குறைந்தபட்ச இழுவிசை. விஸ்கான்சினில் 30 பவுண்டு, கொலராடோவில் 35 பவுண்டு. அம்பு ஆழமாகப் பாய அது உதவும், மான் தாழ்வதைத் தடுக்காது. அதைக் குறைப்பது தூரம்தான். மேலே பார்த்த அதே 82 மீட்டர் அம்பை 18 மீட்டரில் விட்டால் மானுக்குக் கிடைக்கும் இடைவெளி பாதியாகிவிடும், சுமார் 0.17 நொடி. எவ்வளவு கிட்டே வரும்வரை காத்திருப்பது என்பதை பரணில் உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.